தலைப்புக்கு ஒரு பேர் வைங்க பாஸ்!

ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரிப்போர்ட். தொண்ணூறு பக்கம், ஆறு சாப்டர், நாலு பேர் டீம். நாளைக்குக் காலையில பைண்டிங் கடையில கொடுத்தாதான், நாளன்னிக்கு வைவாவுக்குப் புத்தகம் கையில இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு கைடு சார்கிட்ட ஒரே ஒரு கையெழுத்து பாக்கி.

சார் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். கண்ணாடியை இறக்கிவிட்டு நிமிர்கிறார்.

"ஏம்ப்பா, சாப்டர் தலைப்பெல்லாம் பதினாறு சைஸ்ல, நடுவுல, கேபிடல்ல வரணும்னு ஃபார்மட் ஷீட்ல போட்டிருக்குல்ல? மாத்திடு. அப்புறம் இந்த நாலாவது சாப்டர் மூணாவதா வந்தாதான் சரியா இருக்கும்."

"சரிங்க சார்."

"அப்படியே இன்டெக்ஸ்ல இருக்கிற பக்க நம்பரும் உள்ள இருக்கிறதும் ஒத்துப்போகுதான்னு ஒரு தடவை பார்த்துடு."

"சரிங்க சார்."

சார் சொன்னது மூணே விஷயம்தான். ஆனா வேலை? நாலாவது சாப்டர் மூணாவதாகப் போனால் 4.1 எல்லாம் 3.1 ஆகணும், 3.1 எல்லாம் 4.1 ஆகணும். படம் 3.4, படம் 4.4 ஆகணும். 'படம் 3.4-ல் பார்த்தது போல' என்று பாராவுக்கு நடுவே ஒளிஞ்சிருக்கிற வரியையும் தேடிப் பிடிக்கணும். பக்க நம்பர் மொத்தமும் மாறியிருக்கும். ஒருத்தன் மவுஸை உருட்ட, மூணு பேர் பின்னாடி நின்னு 'டேய் அங்க விட்டுட்ட, டேய் இங்க விட்டுட்ட' என்று கமென்ட்ரி கொடுக்க, ஹாஸ்டலில் விடிஞ்சிடும். இல்லேன்னா டிடிபி கடை அண்ணனிடம் சரண்டர் ஆகி, அவர் கேட்கிற காசைக் கொடுக்கணும்.

இதே வேலையை, டீ ஆறுவதற்குள் முடிச்சுட்டுத் தூங்கப் போகிற ஆளும் அதே ஹாஸ்டலில் இருப்பான். அவன் ஒண்ணும் பெரிய அப்பாடக்கர் இல்லை பாஸ். அவனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம்... ஸ்டைல்ஸ்!

அந்த நீலக் கலர் பெட்டி

ஸ்டைல்ஸ் எங்கேயோ மெனுவுக்குள் மறைஞ்சிருக்கிற ரகசியம் கிடையாது. வேர்டு திறந்ததும் 'ஹோம்' டேபில் வலதுபக்கம் வரிசையா பெட்டி பெட்டியா இருக்கே... நார்மல், ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று? அதேதான். 2007 வெர்ஷனில் மெனு போய் ரிப்பன் வந்த நாளிலிருந்து நம்ம கண்ணெதிரேயே உட்கார்ந்திருக்கு.

நாம ஒரு தடவையாவது அதைத் தட்டிப் பார்த்திருப்போம். தலைப்பு நீலக் கலரில், நாம கேட்காத ஃபான்ட்டில் மாறியிருக்கும். 'ச்சே, இது வேற' என்று உடனே கன்ட்ரோல்-இசட் அடிச்சு, பழையபடி செலக்ட் பண்ணி, போல்டு போட்டு, சைஸ் ஏத்தி, நடுவுல தள்ளியிருப்போம். அந்த நீலக் கலரைப் பார்த்து ஓடினதுதான் பிரச்னையே. அது சும்மா கம்பெனி போட்டுக் கொடுத்த சட்டை. நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்.

ஸ்கூல் யூனிஃபார்ம் கணக்கு

ஒரு ஸ்கூலில் பத்தாம் வகுப்புக்கு யூனிஃபார்மை மாத்தணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கேட்டில் நின்னு ஒவ்வொரு பையனையும் பிடிச்சு, 'நீ பத்தாவதா?' என்று கேட்டு, சட்டையைக் கழட்டி வேற சட்டை மாட்டி விடுவது. ரெண்டாவது, 'பத்தாம் வகுப்பு மாணவர்கள் இனி வெள்ளைச் சட்டை' என்று நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவது.

போல்டு, சைஸ், சென்டர் என்று ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியா அலங்கரிப்பது முதல் வழி. ஸ்டைல் ரெண்டாவது வழி. ஆனா சுற்றறிக்கை வேலை செய்யணும்னா ஒரு கண்டிஷன் இருக்கு. யார் யார் பத்தாவது என்று ரிஜிஸ்டரில் பேர் இருக்கணும்! அந்தப் பேரை எழுதி வைப்பதுதான் 'ஹெடிங் 1' என்ற பெட்டியை அழுத்துவது.

நல்லா கவனிங்க. பதினாறு சைஸில் போல்டா ஒரு வரி இருந்தா, நம்ம கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது கொஞ்சம் குண்டான எழுத்து, அவ்ளோதான். அது தலைப்பா, கோபத்தில் அழுத்தி எழுதினதா என்று அதுக்குத் தெரியாது. தெரியாததால் இன்டெக்ஸ் போட முடியாது, நம்பர் கொடுக்க முடியாது. 'இது சாப்டர் தலைப்பு' என்று நாம பேர் வெச்ச அந்த நிமிஷத்திலிருந்து, மிச்ச வேலையெல்லாம் அதோட தலையில!

ஸோ, ஒரே வரியில் சொன்னா... எழுத்து 'எப்படித் தெரியணும்' என்று அப்புறம் முடிவு பண்ணிக்கலாம். அது 'என்ன' என்பதை முதலில் சொல்லணும்.

நம்பலேன்னா திறந்து பாருங்க

நாம இன்ஜினீயரிங் பசங்க, கழட்டிப் பார்த்தாதானே நம்புவோம்? ஒரு டாக்எக்ஸ் ஃபைலைக் காப்பி எடுத்து, அதோட எக்ஸ்டென்ஷனை 'ஜிப்' என்று மாத்தித் திறங்க. அட, ஆமாங்க... வேர்டு ஃபைல் என்பதே ஒரு ஜிப் மூட்டைதான். உள்ளே 'வேர்டு' என்று ஒரு ஃபோல்டர். அதில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் நீங்க டைப் பண்ண வரிகள் இருக்கும். 'ஸ்டைல்ஸ்' என்று இன்னொரு எக்ஸ்எம்எல் ஃபைல் தனியா இருக்கும்.

ஸ்டைல் போட்ட தலைப்புக்குப் பக்கத்தில் 'இது ஹெடிங்1' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அதோட சைஸ், கலர், இடைவெளி எல்லாம் அந்த இன்னொரு ஃபைலில் ஒரே ஒரு இடத்தில் இருக்கும். அங்கே பதினாறு சைஸ் என்பது 32 என்று இருந்தா பயந்துடாதீங்க. அரை பாயின்ட் கணக்கில் எழுதுவது அதோட வழக்கம்.

வெப் டிசைனிங் லேப் பண்ணவங்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். ஹெச்டிஎம்எல்லில் 'ஹெச்1' என்று டேக் போட்டுட்டு, அழகையெல்லாம் சிஎஸ்எஸ்ஸில் எழுதுவோமே... அதே ஐடியாதான்! சிஎஸ்எஸ்ஸை ஹோக்கோன் வியம் லீ முன்வைத்தது 1994-ல். அதுக்கும் முன்னாடியே, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் என்ற ஆராய்ச்சி மாணவர், எழுதுவதையும் அலங்காரத்தையும் பிரிச்சு வைக்கிற 'ஸ்கிரைப்' என்ற சிஸ்டத்தை உருவாக்கி, 1980-ல் அதையே தன் பிஹெச்.டி. ஆய்வேடா கொடுத்தார். லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகளில் எழுதிய லேடெக்ஸும் அதே பாதைதான். நாமதான் லேட்!

உட்காருங்க, பண்ணிப் பார்ப்போம்

1. பேர் வைங்க: சாப்டர் தலைப்பில் கர்சரை வெச்சு கன்ட்ரோல்-ஆல்ட்-1 அழுத்துங்க. அது ஹெடிங் 1. அதுக்குள்ளே வருகிற உபதலைப்புக்கு கன்ட்ரோல்-ஆல்ட்-2. அதுக்கும் உள்ளே என்றால் 3. கலர் எப்படி வந்தாலும் இப்போ கண்டுக்காதீங்க. முதலில் எல்லாருக்கும் பேர் வெச்சு முடிங்க.

2. சட்டையை மாத்துங்க: பெட்டியில் இருக்கிற ஹெடிங் 1 மேல் ரைட் கிளிக், 'மாடிஃபை'. ஃபான்ட், சைஸ், கறுப்பு கலர், நடுவுல... எல்லாம் இங்கே ஒரே தடவை. கீழே 'ஃபார்மட்' பட்டனில் 'ஃபான்ட்' போனால் 'ஆல் கேப்ஸ்' இருக்கும். ஓகே கொடுத்ததும் ஆறு சாப்டர் தலைப்பும் ஒரே நேரத்தில் மாறும். முதல் தடவை பார்க்கும்போது செமயா இருக்கும்!

ஒரு எச்சரிக்கை. அதே கட்டத்தில் 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' என்று ஒரு டிக் இருக்கும். அதைத் தொடாதீங்க. தொட்டால், எங்கேயோ ஒரு தலைப்பை மட்டும் சாய்வெழுத்து ஆக்கினா, எல்லாத் தலைப்பும் சேர்ந்து சாயும்.

3. என்டர் தட்டுவதை நிறுத்துங்க: புது சாப்டர் புதுப் பக்கத்தில் ஆரம்பிக்கணும் என்று பன்னிரண்டு தடவை என்டர் தட்டுகிற பழக்கம் நம்ம தேசிய வியாதி. முன்னாடி ஒரு வரி சேர்த்தா போதும், பின்னாடி எல்லாம் சரியும். ஹெடிங் 1-ன் மாடிஃபையில் ஃபார்மட், பாராகிராஃப், ரெண்டாவது டேபில் 'பேஜ் பிரேக் பிஃபோர்' என்று டிக் அடிங்க. அவ்ளோதான், எந்த சாப்டரும் எப்பவும் புதுப் பக்கத்தில்தான் தொடங்கும். பாராவுக்கு நடுவே இடைவெளி வேணுமா? அதையும் ஸ்டைலிலேயே 'ஸ்பேசிங் ஆஃப்டர்' என்ற இடத்தில் கொடுங்க.

4. நம்பரை டைப் பண்ணாதீங்க: 'ஹோம்' டேபில் 'மல்டிலெவல் லிஸ்ட்' பட்டனைத் திறந்தா, '1 ஹெடிங் 1, 1.1 ஹெடிங் 2' என்று பேரோட ஒரு படம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்க. இனிமேல் நம்பர் போடுவது வேர்டோட வேலை.

5. இன்டெக்ஸ் தானா வரும்: 'ரெஃபரன்சஸ்' டேபில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்'. ஒரு கிளிக். தலைப்பு, புள்ளி புள்ளி, பக்க நம்பர்... மொத்தமும் வந்து நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி புள்ளிகளை நேராக்கின நம்ம சீனியர்களுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி!

6. படத்துக்கும் பேர்: படத்தின் மேல் ரைட் கிளிக் பண்ணி 'இன்செர்ட் கேப்ஷன்'. அதில் சாப்டர் நம்பரும் சேர்த்துக்கலாம். பாராவில் 'படம் 3.4' என்று கையால் எழுதாமல், 'கிராஸ் ரெஃபரன்ஸ்' மூலமா போடுங்க. கடைசியில் கன்ட்ரோல்-ஏ, எஃப்9. படத்தோட நம்பரும், அதைச் சொல்கிற வரியில் இருக்கிற நம்பரும் சேர்ந்தே மாறும்.

இப்போ கைடு சார் சொன்னதுக்கு வருவோம். தலைப்பு சைஸ்? மாடிஃபை. சாப்டர் இடம் மாத்தணுமா? 'வியூ' டேபில் 'நேவிகேஷன் பேன்' என்று டிக் அடிச்சா, இடதுபக்கம் தலைப்பெல்லாம் வரிசையா வரும். நாலாவது சாப்டரைப் பிடிச்சு மூணாவதுக்கு மேலே இழுத்து விடுங்க. அதோட உபதலைப்பு, படம், டேபிள் எல்லாம் கூடவே போகும். கன்ட்ரோல்-ஏ, எஃப்9. இன்டெக்ஸ் சரி, நம்பர் சரி. சார் ரூம் பூட்டுறதுக்குள்ளே திரும்பப் போயிடலாம்!

இன்ஹெரிடன்ஸ் ஞாபகம் இருக்கா?

மாடிஃபை கட்டத்தில் 'ஸ்டைல் பேஸ்டு ஆன்' என்று ஒரு வரி இருக்கும். சி++ லேபில் படிச்ச இன்ஹெரிடன்ஸ்தான் இது. பெரும்பாலான ஸ்டைலுக்கு அப்பா 'நார்மல்'. அப்பா ஃபான்ட்டை மாத்தினா, தனக்குனு ஃபான்ட் வெச்சுக்காத பிள்ளைங்க எல்லாரும் மாறுவாங்க. இது வசதியும்கூட, ஆபத்தும்கூட. நார்மலை ஒன்றரை வரி இடைவெளி ஆக்கினா, டேபிளுக்குள்ளே இருக்கிற எழுத்தும் விரியலாம். அதனால, ரிப்போர்ட்டின் பாராக்களுக்கு 'பாடி டெக்ஸ்ட்' என்ற ஸ்டைலை வெச்சுக்குங்க. நார்மலைத் தொந்தரவு பண்ண வேண்டாம்.

நாலு பேர், நாலு ஃபைல்

டீம் ரிப்போர்ட்டில் இன்னொரு கூத்து நடக்கும். ஒருத்தர் ஏரியல், ஒருத்தர் டைம்ஸ் நியூ ரோமன், இன்னொருத்தர் போனிலேயே டைப் பண்ணது. எல்லாத்தையும் ஒட்டினா கதம்ப சாதம்!

நாலு பேரும் ஹெடிங் 1, ஹெடிங் 2, பாடி டெக்ஸ்ட் என்று பேர் மட்டும் ஒழுங்கா வெச்சிருந்தா போதும். மெயின் ஃபைலில் பேஸ்ட் பண்ணும்போது 'யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்' கொடுத்தா, வந்த இடத்து யூனிஃபார்மை அதுவே மாட்டிக்கும். நெட்டில் இருந்து எடுக்கிற வரிகளை மட்டும் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்று ஒட்டுங்க. இல்லேன்னா அந்த வெப்சைட்டோட கலரெல்லாம் விருந்தாளியா வந்து உட்கார்ந்துக்கும்.

ஏற்கெனவே டைப் பண்ணி முடிச்சாச்சா?

கவலை வேண்டாம், காப்பாத்தலாம். ஒரு சாப்டர் தலைப்பில் கர்சரை வைங்க. 'ஹோம்' டேபில் வலது ஓரம் 'செலக்ட்', அதில் 'இதே மாதிரி ஃபார்மட் இருக்கிற எல்லாத்தையும் செலக்ட் பண்ணு' என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினா, ஒரே மாதிரி அலங்கரிச்ச தலைப்பெல்லாம் மொத்தமா செலக்ட் ஆகும். அப்படியே ஹெடிங் 1-ஐ அழுத்துங்க.

கையால் போட்ட பழைய அலங்காரம் ஒட்டிக்கிட்டு விட மாட்டேன்னு அடம் பிடிச்சா, செலக்ட் பண்ணி கன்ட்ரோல்-ஸ்பேஸ், அப்புறம் கன்ட்ரோல்-க்யூ. முதலாவது எழுத்தோட அலங்காரத்தையும், ரெண்டாவது பாராவோட அலங்காரத்தையும் துடைச்சுடும். எங்கெங்கே வெட்டியா என்டர் தட்டியிருக்கோம் என்று பார்க்க கன்ட்ரோல்-ஷிஃப்ட்-8. பார்த்தா கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும்!

தமிழில் டைப் பண்றவங்களுக்கு

தமிழ் மன்ற மலர், தமிழ்த்துறை ஆய்வேடு பண்றவங்க ஒரு விஷயத்தில் மாட்டுவாங்க. ஸ்டைலில் ஃபான்ட்டை மாத்தினாலும் தமிழ் எழுத்து மட்டும் அசையாது. காரணம், வேர்டு ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபான்ட்டும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பேரில் வேற ஃபான்ட்டும் தனித்தனியா வெச்சிருக்கு. சைஸும், போல்டும்கூடத் தனித்தனிதான். மாடிஃபை, ஃபார்மட், ஃபான்ட் என்று போய் அந்தக் கட்டத்தில் லதா, நிர்மலா என்று உங்களுக்குப் பிடிச்ச யூனிகோட் ஃபான்ட்டைக் கொடுங்க.

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் டைப் பண்ண ஃபைலா? அதில் ஸ்டைல் பக்கம் போறதுக்கு முன்னாடி யூனிகோடுக்கு மாத்திடுங்க. அந்த ஃபைலுக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், பாமினி அதுக்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கு. ஸ்டைல் வந்து ஃபான்ட்டை மாத்தினா வேஷம் கலைஞ்சு, உள்ளேயிருந்து ஏபிசிடி எட்டிப் பார்க்கும்!

இது வெறும் மார்க் விஷயம் இல்லை

இதுவரைக்கும் சொன்னது நம்ம சௌகரியத்துக்கு. இனி சொல்வது நம்ம கிளாஸ்மேட்டுக்கு.

பார்வையற்ற மாணவர்கள் கம்ப்யூட்டரை ஸ்கிரீன் ரீடர் மூலமாகத்தான் படிக்கிறாங்க. திரையில் இருப்பதை அது வாசிச்சுக் காட்டும். அதில் என்விடிஏ என்பது இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் அதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர்.

தொண்ணூறு பக்க ரிப்போர்ட்டையோ, சீனியர் கொடுத்த நோட்ஸையோ நாம எப்படிப் படிக்கிறோம்? தலைப்பை மேய்ஞ்சு, வேண்டிய இடத்துக்குத் தாவுறோம். அவங்களும் தாவலாம். என்விடிஏவில் பிரவுஸ் மோடு போட்டு 'ஹெச்' என்ற எழுத்தை அழுத்தினா அடுத்த தலைப்புக்குப் போகும். 1 அழுத்தினா அடுத்த சாப்டர், 2 அழுத்தினா அடுத்த உபதலைப்பு.

ஆனா எப்போ போகும்? தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் போட்டிருந்தா மட்டும்தான். வெறும் போல்டும் பதினாறு சைஸும் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காதால் கேட்க முடியாது. அப்படிப்பட்ட ஃபைலில், அஞ்சாவது யூனிட் வேணும்னாலும் முதல் வரியிலிருந்து கேட்டுக்கிட்டே போகணும். செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி அப்படி ஒரு நோட்ஸ் கைக்கு வந்தா எப்படியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க. நாம அழுத்துற மூணு கீ, இன்னொருத்தருக்கு ஒரு ராத்திரியை மிச்சப்படுத்தும்.

பிடிஎஃப் ஆக்கும்போதும் இதே கதைதான். 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஷன்ஸ்' உள்ளே ஹெடிங்கை வெச்சு புக்மார்க் உருவாக்கச் சொல்லுங்க. போனில் படிக்கிறவங்களும் உங்களை வாழ்த்துவாங்க.

வேர்டு இல்லையா?

நோ பிராப்ளம். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசம். அதில் எஃப்11 அழுத்தினா ஸ்டைல்ஸ் பட்டியல் வரும். கன்ட்ரோல்-1, கன்ட்ரோல்-2 தான் ஹெடிங் 1, 2. பக்கத்துக்கே ஸ்டைல் வைக்கிற வசதி அதில் எக்ஸ்ட்ரா. கூகுள் டாக்ஸில் வேர்டு மாதிரியே கன்ட்ரோல்-ஆல்ட்-1. தலைப்பு வெச்சதும் இடதுபக்கம் அவுட்லைன் வந்துடும். பட்டன் எங்கே இருக்கு என்பதுதான் மாறும். 'பேர் வை, அப்புறம் அலங்காரம் பண்ணு' என்பது எங்கேயும் மாறாது.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். ஸ்டைல் எல்லாத்தையும் தீர்த்துடாது. முன்பக்கங்களுக்கு ரோமன் நம்பர், சாப்டரிலிருந்து 1, 2, 3 வேணும்னா வேர்டில் 'செக்ஷன் பிரேக்' தனியா கத்துக்கணும். ரிசல்ட் சாப்டரில் சரக்கு இல்லேன்னா, எந்த ஸ்டைலும் வைவாவில் காப்பாத்தாது!

கத்துக்க ஒரு சாயங்காலம் போதும். ஃபைனல் இயர் வரைக்கும் காத்திருக்காதீங்க. அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய பத்துப் பக்க செமினார் ரிப்போர்ட்டில் ஆரம்பிங்க. சின்ன ஃபைலில் கை பழகினா, பெரிய ஃபைலில் பதற்றம் இருக்காது.

அப்புறம் கடைசியா ஒண்ணு. ரிப்போர்ட் முடிஞ்சதும், உள்ளே இருக்கிற மேட்டரையெல்லாம் அழிச்சுட்டு, ஸ்டைலை மட்டும் வெச்சு 'வேர்டு டெம்ப்ளேட்' என்று சேவ் பண்ணி ஜூனியருக்குக் கொடுத்துட்டுப் போங்க. ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் லைப்ரரி அலமாரியில் தூங்கும். டெம்ப்ளேட் மட்டும் வருஷா வருஷம் பல பேரைத் தூங்க வைக்கும்... ராத்திரி பத்து மணிக்கே!